ஒன்பதாம் வீட்டுச் சூரியன்

தட்டு மாற்ற இன்னும் சிறிது நேரமே இருந்தது. அந்த நேரத்தில் பெண்ணைப் பெற்றவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் சம்பந்தியாகப் போகிறவரிடம் நாலு நல்ல வார்த்தை பேசாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காதே என்று அந்த நல்ல மனிதர் நினைத்துவிட்டார்.

அவர் பெயர் சின்னப்பையன். பெயர்தான் அப்படி, ஆள் அறுபதைத் தாண்டியவர். தருமபுரிப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, மகள் நிவேதிதாவோடு நசரத்பேட்டை ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தவர். அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்து ஹாலில்தான் நிச்சயதார்த்தம். வெளியே நெடுஞ்சாலை லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அவர் மாப்பிள்ளையின் அப்பா நடேசன் பக்கம் குனிந்து நிறைந்த மனதோடு சொன்னார்.

“எங்க பொண்ணுக்கு ஏழுல செவ்வாய்ங்க. அதனால எத்தனை வரன் தட்டிப் போச்சு தெரியுங்களா? உங்க பையனுக்கும் எட்டுல செவ்வாய் இருக்கப்போய்த்தான் ஒண்ணுக்கொண்ணு சரியாச்சு. கடவுளாப் பார்த்து அனுப்பினாருங்க.”

நடேசன் வாயில் போட்ட வெற்றிலை அப்படியே நின்றது.

“யாருக்கு எட்டுல செவ்வாய்?”

“உங்க நிர்மலுக்குத்தாங்க.”

நடேசனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆவடியில் பிறந்து, ஆவடியில் ஃபிட்டராக வேலை பார்த்து, ஆவடியிலேயே ஓய்வு பெற்றவர். ஜாதகம் பார்ப்பது அவருக்குத் தொழில் இல்லை. தொழிலாக இருந்திருந்தால் காசு கொடுத்தவர்களோடு போயிருக்கும். இவர் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் பார்த்தார். சாப்பாட்டு வேளையில் தொழிற்சாலை மேஜைமேல் சாக்பீஸால் பன்னிரண்டு கட்டம் போட்டு, உனக்கு ஐந்தில் சனி, பிள்ளை தாமதமாகும், உனக்கு இரண்டில் கேது, வாயைக் கட்டு என்று கூசாமல் சொல்வார். பரிகாரம் செய்யச் சொல்லி அவர் கோயில் கோயிலாக அனுப்பி வைத்த ஆட்களை ஏற்றினால் ஒரு ரயில் நிரம்பும்.

அவர் கணித்த ஜாதகங்களில் அவருக்கே பிடித்தது மகன் நிர்மலுடையது. பத்தாம் வீட்டில் சூரியன், கூடவே ராகு. பத்தாம் வீடு உத்தியோகத்துக்கு உரியது. அங்கே சூரியன் உட்கார்ந்தால் ஆள் அதிகாரத்தில் இருப்பான். பையன் கலெக்டர் ஆவான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் போய்ச் சேர்ந்தான். நடேசன் அசரவில்லை. “வெள்ளக்காரனுக்கு வேலை பாக்குறான் இல்ல, அதாம்பா ராகு, அந்நிய நாட்டுக் கிரகம்” என்று சமாளித்தார். செவ்வாயோ ஒன்பதாம் வீட்டில், யாருக்கும் தொல்லை இல்லாமல் இருந்தது. சுத்த ஜாதகம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கட்டம் கட்டமாகச் சொல்வார். அப்பேர்ப்பட்டவரிடம் வந்து எட்டில் செவ்வாய் என்றால்?

“அந்த ஜாதகத்தைக் காட்டுங்க சார்,” என்றார்.

சின்னப்பையன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கம்ப்யூட்டர் ஜாதகம். நடேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மகனுடைய பெயர்தான். மகனுடைய பிறந்த தேதிதான். ஆனால் லக்னம் வேறு. லக்னம்தான் முதல் வீடு. அங்கிருந்துதான் மற்ற வீடுகளை எண்ண வேண்டும். அது ஒரு கட்டம் தள்ளிப் போனால் எல்லாக் கிரகமும் ஒரு வீடு நகர்ந்துவிடும். அப்படித்தான் நகர்ந்திருந்தது. ஒன்பதில் இருந்த செவ்வாய் எட்டில். பத்தில் இருந்த சூரியனும் ராகுவும் ஒன்பதில். பிறந்த நேரம் பிற்பகல் மூன்று மணி என்று அச்சடித்திருந்தது. அவர் மகன் பிறந்தது பன்னிரண்டரைக்கு.

“இது என் பையன் ஜாதகமே இல்ல,” என்றார்.

சின்னப்பையன் சங்கடத்தோடு நெளிந்தார். “உண்மையைச் சொல்லணும்னா எனக்கும் ஒரு குழப்பம் இருந்துச்சுங்க. ஒன்பதாம் வீடு அப்பாவோடது. அங்க சூரியனும் ராகுவும் சேர்ந்திருக்கு, பையனோட அப்பா எப்பவோ காலமாகியிருப்பார்னு எங்க ஜோசியர் அடிச்சுச் சொன்னார். அப்புறம் நீங்க பொண்ணு பார்க்க வந்து நின்னீங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கேட்கவா முடியும், நீங்க எப்படிங்க இன்னும் இருக்கீங்கன்னு?”

“அதான் சார்! நான் உயிரோட கீறேனே, அதைவிடச் சாட்சி வேணுமா? இது பொய் ஜாதகம்!”

இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார். ஹாலில் பேச்சு நின்றது. ஸ்பீக்கரில் ஓடிய பாட்டை யாரோ அணைத்தார்கள். பட்டு வேட்டியில் நின்றிருந்த நிர்மல் ஓடிவந்தான். அப்பாவின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனான்.

“இன்னாடா இது?”

“அப்பா, அப்புறம் பேசலாம்.”

“இப்பவே பேசு.”

அவன் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்து நின்ற நிவேதிதா சொல்லிவிட்டாள். “நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாத்தினோம் அங்கிள். எங்க வீட்டுல செவ்வாய் உள்ள பையன்தான் வேணும்னாங்க. உங்க வீட்டுல தோஷம் இல்லாத பொண்ணுதான் வேணும்னீங்க. அதனால எங்க அப்பாவுக்கு இவரோட ஜாதகத்தை மாத்திக் கொடுத்தோம். உங்களுக்கு என்னோடதை மாத்திக் கொடுத்தோம்.”

நடேசனிடம் வந்த நிவேதிதாவின் ஜாதகத்தை மூன்று இரவு உட்கார்ந்து பார்த்தவர் அவர். இப்படி ஒரு ஜாதகத்தை நான் பார்த்ததே இல்லை என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் மெச்சினவர். பார்த்திருக்க மாட்டார்தான், அப்படி ஒரு பெண் பிறந்திருந்தால்தானே!

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஏழில் செவ்வாய் உள்ள பெண்ணை அதே தோஷம் உள்ளவன் கட்டினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சரியாகிவிடும். சுத்த ஜாதகக்காரன் கட்டினால் அவன் உயிருக்கே ஆபத்து என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறார். இப்போது அவருடைய ஒரே பிள்ளை மாலையும் கழுத்துமாக அந்தக் குழியின் விளிம்பில் நிற்கிறான்.

“என் புள்ளைய சாகடிக்கவா எல்லாரும் ஒண்ணு கூடினீங்க?” என்று கத்தினார். “எழுந்திருங்கய்யா நம்ம ஆளுங்கள்லாம். இந்தக் கல்யாணம் நடக்காது.”

சின்னப்பையன் சண்டைக்கு வரவில்லை. “நீங்க சொல்றதுதான் நியாயம்ங்க. எம் பொண்ணால இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படிங்க தாங்குவேன்? எனக்கும் வேண்டாம்.” முன்னால் இருந்த தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நிவேதிதா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். இரண்டு அப்பன்களும் ஒரே பேச்சில் நின்றால் பிள்ளைகள் என்ன செய்ய முடியும்?

இத்தனை நேரமும் நடேசனின் மனைவி சரசா நாற்காலியை விட்டு அசையவில்லை. ஊரைக் கூட்டி அழ வேண்டியவள் அவள்தான். அவளோ பேயறைந்தவள் மாதிரி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து அதைக் கணவர் கையிலிருந்து வாங்கினாள்.

“நிர்மலு, மூணு மணின்னு உனக்கு யாருடா சொன்னாங்க?”

“யாரும் சொல்லலம்மா. போன்ல பொறந்த நேரத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். மூணுன்னு போட்டதும் செவ்வாய் எட்டுல போய் விழுந்துச்சு. அதையே அனுப்பிட்டேன்.”

சரசா காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். “கல்யாணத்தை நிறுத்த வேணாம்,” என்றாள். “இந்த ஜாதகந்தான் நெசம்.”

மகனைக் காப்பாற்ற அம்மாக்காரி சொல்லும் பொய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடேசனும் அப்படித்தான் நினைத்துச் சீறினார். “நான் கணிச்ச ஜாதகம்டி அது! ராத்திரி பூரா உக்காந்து என் கையால போட்டது!”

“கணக்கு உங்களுது. நேரம் சொன்னது நானு. உள்ள வாங்க.”

ஹாலை ஒட்டி ஒரு சின்ன அறை. வாழையிலைக் கட்டுகளும் அப்பளக் கூடையும் அங்கே இருந்தன. சரசா கதவைச் சாத்தினாள். வெளியே இருந்தவரை ‘வாங்க, போங்க’ என்றவள் கதவு சாத்தியதும் ஒருமைக்கு வந்துவிட்டாள். அதிலேயே நடேசனுக்குப் பாதி தைரியம் போயிற்று.

“அவன் பொறந்த அன்னிக்குக் காலையில நீ இன்னா சொன்னேன்னு ஞாபகம் கீதா?”

நடேசன் அப்பளக் கூடையை நகர்த்தி வைத்தார்.

“எனக்கு வலி எடுத்துகினு கீது. நீ பஞ்சாங்கத்தை வெச்சிகினு விரல் உட்டு எண்ணிகினு கீறே. ரெண்டு மணிக்குள்ள பொறந்தா சூரியன் பத்துல, புள்ள ராஜா. ரெண்டு தாண்டிச்சுன்னா ராகுவோட ஒம்பதுல, அப்பனைத் தூக்கிடும். அதனால ரெண்டு மணிக்குள்ள பெத்துடுன்னு சொன்னே. கடைக்குப் போய் உப்பு வாங்கியாரச் சொல்ற மாதிரி சொல்லிட்டு ஷிப்டுக்குப் போயிட்டே.”

ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதுகூட ஞாபகம் வந்தது.

“ஏதோ வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன் சரசா.”

“எங்க பாபு அண்ணன்கிட்டயும் வெளையாட்டுக்கா சொன்னே? நேரம் தப்பிப் பொறந்தா பன்னெண்டு வயசு வரைக்கும் நான் அவன் மூஞ்சில முழிக்கக் கூடாது, குத்தம்பாக்கத்துல உங்க ஊட்லயே வளரட்டும்னு சொன்னியே? அண்ணிக்குக் கொழந்தை இல்ல. அவங்க ஒரு வாரமா தூளி கட்டி வெச்சிகினு காத்துகினு இருந்தாங்க.”

நடேசன் வாழையிலைக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு நேரா கடியாரம்,” என்றாள் சரசா. “வலியைவிட அந்த முள்ளைப் பாக்கத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு. ரெண்டு தாண்டிச்சு. நான் கால இறுக்கிகினு அழுவுறேன், அந்த நர்சம்மா திட்டுது. வார்டுக்கு மூணு மணி டீ வந்தப்பதான் பொறந்தான். சாயங்காலம் நீ வந்து கதவாண்டயே நின்னுகினு, புள்ளையப் பாக்காம, எத்தனை மணிக்குன்னு கேட்டே. பன்னெண்டரைன்னு சொன்னேன். அப்புறந்தான் உள்ள வந்து தூக்கினே.”

பிறப்புச் சான்றிதழில் தேதிதான் இருக்கும். நேரம் தாய் சொல்வதுதான். அவள் சொன்ன நேரத்தை வைத்து அவர் விடிய விடியக் கணித்தார். நாழிகை பிசகாமல், விநாடி பிசகாமல், அடியிலிருந்து நுனிவரை தப்பாக. பத்தில் சூரியன் என்று இத்தனை வருஷம் மார்தட்டியது எல்லாம் பன்னிரண்டரை என்ற அந்த ஒரு சொல்லின் மேல் நின்றது.

பழக்கத்தில் அவர் கட்டை விரல் மற்ற விரல்களில் ஓடியது. லக்னம் ஒரு வீடு தள்ளி. செவ்வாய் எட்டில். சூரியன், ராகு, ஒன்பதில். அப்பன் போயிருக்க வேண்டும். முதலில் அவருக்கு வந்தது தன் உயிரைப் பற்றிய பயம்தான். நெஞ்சில் கையை வைத்துக்கூடப் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் வேறொன்று உறைத்தது.

“நான் செத்துப்பூடுவேன்னு நீ நம்பினியா?”

“நீ சொல்லி நான் எதை நம்பாம இருந்தேன்?”

“நம்பிகினேதான் புள்ளைய வெச்சிகினியா?”

“ஆமா.”

அவள் தயங்கக்கூட இல்லை. நடேசன் மனைவியை யாரோ எவரோ என்று பார்ப்பது போலப் பார்த்தார். முப்பது சொச்சம் வருஷம் சோறு போட்டவள். தலைவலி என்றால் தைலம் தேய்த்தவள். அவள் முதல் நாளே நீயா பிள்ளையா என்று நிறுத்துப் பார்த்து, நீ போ என்று முடிவு கட்டியிருக்கிறாள். கொலைகாரி என்ற வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்தது.

“அப்படிப் பாக்காதே,” என்றாள் சரசா. அவளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. “உனக்கு மஞ்சக் காமாலை வந்துச்சே, அப்ப நான்தான் உன்னைக் கொன்னேன்னு உக்காந்திருந்தேன். பாடி ஸ்டாப்பிங்காண்ட வண்டியில இருந்து விழுந்து கால ஒடைச்சிகினு வந்தே, அப்பவும் அப்படித்தான். நீ ஷிப்டு முடிஞ்சு வர்றதுக்குக் கொஞ்சம் நேரமானா நான் தெருமுனையில போய் நின்னுகினு இருப்பேன். யார்கிட்ட போய்ச் சொல்வேன்? பரிகாரம் கேக்கணும்னாகூட உன்னாண்டதானே கேக்கணும்?”

காமாலை வார்டில் அவள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தது அவருக்கு நினைவிருந்தது. தனக்கு ஏழில் சுக்கிரன் இருப்பதால்தான் இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்தாள் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டதும் நினைவிருந்தது. வெட்கம் அவரைத் தின்றது.

“நான் செஞ்சது தப்புன்னா தப்புதான். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அதுக்கு மட்டும் நெசத்தைச் சொல்லு. அன்னிக்கு மூணு மணின்னு நான் சொல்லியிருந்தா நீ உள்ள வந்திருப்பியா?”

வந்திருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பெற்ற பிள்ளையை எவனாவது பார்க்காமல் போவானா என்று கேட்கத்தான் நினைத்தார். ஆனால் அந்த நாளைய நடேசனை அவருக்கு நன்றாகத் தெரியும். பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றவன் அவன். திரும்பிப் பார்க்காமல் போயிருப்பான். போனதைப் பெரிய தியாகமாக நாலு பேரிடம் சொல்லியும் இருப்பான். அப்படிப் போயிருந்தால் சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது இல்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பையன் பின்னாலேயே ஓடிச் சைக்கிள் பழக்கியது இல்லை. அம்மை போட்டிருந்தபோது இரவெல்லாம் வேப்பிலையால் வீசிவிட்டது இல்லை. எல்லாமே பன்னிரண்டு வயதுக்குள் நடந்தவை.

“வந்திருக்க மாட்டேன்,” என்றார் நடேசன். அறுபத்து நாலு வயதுக்காரர், அப்பளக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

அவர்கள் வெளியே வந்தபோது யாரும் கலைந்து போயிருக்கவில்லை. போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நிர்மல் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அப்பாவின் கண்கள் சிவந்திருப்பதைக் கண்டு பயந்துபோனான்.

“எந்த ஜாதகம்ங்க சரி?” என்று கேட்டார் சின்னப்பையன்.

“மூணு மணிதான் சார். பெத்தவ சொல்றா. நான் போட்டதுதான் தப்பு. என் புள்ளைக்கும் செவ்வாய் எட்டுலதான்.”

கணக்கு வாத்தியார் அல்லவா, அவரால் அதோடு விட முடியவில்லை. “அப்ப அந்த ஒன்பதுல சூரியன், ராகு? எங்க ஜோசியர் சொன்னது?”

ஹால் முழுவதும் நடேசனையே பார்த்தது. ராகுவுக்கு வேறு ஏதாவது கிரகத்தின் பார்வை இருந்தது, குரு வந்து காப்பாற்றினார் என்று அவர் ஒரு கதை கட்டியிருக்கலாம். கட்டுவதில் அவர் கைதேர்ந்தவர். நாலைந்து சமாதானங்கள் தாமாகவே அவர் மனதில் வந்து வரிசையில் நின்றன.

“அது பலிக்கல சார்,” என்றார்.

ஆவடியில் அவரிடம் ஜாதகம் காட்டிய ஒருவர்கூட அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதில்லை. சின்னப்பையன் தன் பக்கம் இழுத்து வைத்திருந்த தட்டை மெல்ல நடுவே தள்ளினார். நிவேதிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு குடும்பங்களும் எதிரெதிரே நின்றன. நிர்மல் அப்பாவின் தோளருகே வந்து, “அம்மா உள்ள இன்னாப்பா சொன்னாங்க?” என்று காதோடு கேட்டான். நடேசன் அவன் கன்னத்தில் கையை வைத்தார். அத்தனை பேர் பார்க்க, வைத்த கையை எடுக்காமலே நின்றார். பையன் கூச்சத்தில் நெளிந்தான். அப்புறம் தட்டைப் பிடிக்க வேண்டியிருந்ததால் எடுத்தார்.

தட்டின் ஒரு ஓரத்தை அவர் பிடித்தார், மறு ஓரத்தைச் சரசா பிடித்தாள். தேங்காயும் பழமும் வெற்றிலையும் கனத்தன. அவர் குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“இன்னமும் பயமா கீதா?”

“காலையில மாடி ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கிச்சே,” என்றாள் சரசா, தட்டைப் பார்த்தபடியே. “அப்பகூட.”